இறங்கி உருட்டும் இடங்கள்: சாலை, சைக்கிள், சாதி

ஒரு சாலை சைக்கிள் ஓட்ட ஏற்றதா என்று எப்படி மதிப்பிடுவது? இதைக் கேட்டால், இது பொறியாளர் சமாச்சாரம், இதில் எழுதுகிறவனுக்கும் இயக்கக்காரனுக்கும் என்ன ஜோலி என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் சைக்கிள் பற்றி இரண்டு பிரதிகள் வந்தன. ஒன்று, சைக்கிள் தடங்களை அமைப்பதற்காக இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962இல் வெளியிட்ட கையேட்டின் திருத்திய பதிப்பு. அகலம், சாய்வு, வளைவு, தளம் என்று போகிறது அது. மற்றது, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம். அதன் மூன்றாம் பிரிவின் உட்பிரிவு ஒன்று, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்த ஒருவரைப் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறி ஓட்டவிடாமல், செருப்போ புதுத்துணியோ போடவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு நாட்டின் தண்டனைச் சட்டம் சைக்கிளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு 'ஓட்ட விடு' என்று எழுத வேண்டியிருக்கிறது என்றால், அந்த நாட்டின் சாலைகளை அளந்தவர்கள் இத்தனை காலமாக எதைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள்?

இரண்டு பிரதிகளும் ஒன்றையொன்று வாசித்ததாகத் தெரியவில்லை. சேர்த்து வாசிக்கிற வேலை நம்முடையது. அதற்குமுன் இந்த அளவையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சாலைகளைச் சைக்கிளுக்காக முதலில் அளந்தவர்கள் சர்க்கார் பொறியாளர்கள் இல்லை, சைக்கிள்காரர்களே. இங்கிலாந்தில் 1878இல் ஒரு சுற்றுலாச் சங்கம் தொடங்குகிறார்கள், 1883இல் அதற்குச் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்று பெயர் மாறுகிறது. முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும் வண்டிகள் அப்போது. இறக்கத்தில் பிடி விட்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். ஆகவே செங்குத்தான சரிவுகளின் தலைமாட்டில், இந்த இறக்கம் ஆபத்தானது என்று சைக்கிள்காரர்களை எச்சரிக்கும் பலகைகளைச் சங்கமே நட்டது. நடு என்று யாரும் உத்தரவு போடவில்லை. 1886இல் இவர்களும் இன்னொரு சைக்கிள் சங்கமும் சேர்ந்து சாலை மேம்பாட்டுச் சங்கம் ஒன்றை உருவாக்கினார்கள். 1888இன் உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று ஒப்புக்கொண்டது. 1896இல் ஹாரி இங்லிஸ் என்பவர் ஸ்காட்லாந்துச் சாலைகளின் ஏற்ற இறக்கங்களைப் பக்கவாட்டுக் கோட்டுப்படமாக வரைந்து புத்தகம் போட்டார். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவே எங்கே மூச்சு வாங்கும், எங்கே மிதிக்காமல் போகலாம் என்பது பார்த்த உடனே தெரிந்தது. சாலையை அளக்கும் கருவி அன்றைக்கு முழங்காலும் நுரையீரலும்தான். இது எனக்குப் பிடித்த காலகட்டம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் யாருடைய முழங்கால்? அட்லாண்டிக்கைத் தாண்டினால் விடை கிடைக்கிறது. அமெரிக்கச் சைக்கிள்காரர்களின் லீக் 1880இல் உருவானது. 1892இல் 'குட் ரோட்ஸ்' என்று பத்திரிகையே நடத்தினார்கள். அவர்களுடைய நச்சரிப்புக்கும் சேர்த்துத்தான் 1893இல் அமெரிக்க மத்திய அரசு விவசாயத் துறைக்குள் சாலை விசாரணை அலுவலகம் ஒன்றைத் திறந்தது. சேற்றில் வண்டி புதையும் நாட்டுக்கு நல்ல சாலையைக் கேட்டு வாங்கித் தந்தவர்கள் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டே, 1894இல், லூயிவில் நகரில் கூடிய மாநாட்டில் அந்த லீக் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி செய்தது. 1895இல் ஆஸ்பரி பார்க் என்ற கடற்கரை நகரில் நடந்த கூட்டத்துக்கு கிட்டி நாக்ஸ் என்ற பெண் தன் உறுப்பினர் அட்டையோடு போய் நின்றார். பாஸ்டன் நகரத் தையல்காரி. தகப்பனார் கறுப்பர், தாயார் வெள்ளையர். 1893லேயே சேர்ந்துவிட்டவரை இந்த விதி கட்டுப்படுத்தாது என்று லீக் சமாளிக்க வேண்டி வந்தது. 1899இல் உலகச் சாம்பியன் ஆனவர் மார்ஷல் டெய்லர் என்ற கறுப்பர். அதன் பிறகும் விதி ஏட்டில் கிடந்தது. அதை முறைப்படி நீக்கியது 1999இல். நூற்றைந்து வருஷம்!

நல்ல சாலை என்ற கோரிக்கையும் அந்தச் சாலையில் யார் வரக்கூடாது என்ற தீர்மானமும் ஒரே சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில், ஒரு வருஷ இடைவெளியில். இதை ஏதோ தற்செயலான கறை என்று நான் வாசிக்கவில்லை. சாலையைத் தளமாகவும் சாய்வாகவும் மட்டுமே பார்க்கிறவனுக்கு, அதில் போகிற உடல் எப்போதும் தன்னுடைய உடல்தான். வேறொரு உடல் குறுக்கே வரும்போது அவனுக்குக் கோபம் வருகிறது.

பிறகு கார் வந்தது. சைக்கிள் சங்கத்தில் சாலை அரசியல் பழகிய வில்லியம் ரீஸ் ஜெஃப்ரீஸ்தான் 1910இல் பிரிட்டிஷ் சாலை வாரியத்தின் முதல் செயலாளர். அந்த வாரியத்தின் பணமோ மோட்டார் உரிமக் கட்டணமும் பெட்ரோல் வரியும். இந்தியாவுக்கு வந்த கதையும் இதன் தம்பிதான். 1927இல் அமைக்கப்பட்ட ஜெயகர் கமிட்டி கொடுத்த அறிக்கையின் வழியில் 1929இல் பெட்ரோல் மீது கூடுதல் வரி போட்டுச் சாலை நிதி உருவாகிறது. 1934இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் பிறக்கிறது. பெட்ரோல் காசில் போட்ட சாலை பெட்ரோல்காரனுக்கே என்ற நியாயம் அப்போது முளைத்தது, இன்னமும் காயவில்லை. சைக்கிள்காரன் ஒன்றும் கொடுக்கவில்லையாமே? பஞ்சாயத்திலும் முனிசிபாலிட்டியிலும் சைக்கிளுக்கு வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டிய தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வில்லை இல்லையென்றால் ஒரு பயம், விளக்கு இல்லையென்றால் ஒரு பயம், டபுள்ஸ் போனால் இன்னொரு பயம். அந்தக் காசு எந்தச் சாலையிலும் சைக்கிள்காரனின் பங்காகப் பேசப்பட்டதில்லை.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். சாலையை அளக்கும் அலகாகவே கார் மாறியது. பேசஞ்சர் கார் யூனிட் என்பார்கள். சாலைக் காங்கிரஸின் 1990ஆம் ஆண்டுக் கணக்கில் கார் என்றால் 1, சைக்கிள் 0.5, பஸ் 3, மாட்டு வண்டி 8. ஒரு வண்டி சாலையில் எத்தனை கார்களின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதுதான் இந்த எண்ணின் அர்த்தம். ஐம்பது பேரைச் சுமக்கும் பஸ் மூன்று கார். ஒற்றை ஆள் உட்கார்ந்து போகும் கார் ஒரு கார். மனுஷனை எண்ணவில்லை, தகரத்தை எண்ணினார்கள். சைக்கிள் பாதிக் காராகவும் முழு இடைஞ்சலாகவும் கணக்கில் ஏறியது. சாலை சைக்கிளுக்கு ஏற்றதா என்ற பழைய கேள்வி, சாலைக்குச் சைக்கிள் ஏற்றதா என்று தலைகீழானது இப்படித்தான். 2013இல் கல்கத்தாவில் 174 சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தது போலீஸ். பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் கட்டட வேலைக்குப் போகிறவரும் இறங்கி உருட்ட வேண்டியவர்கள் ஆனார்கள். அந்த உத்தரவு வானத்திலிருந்து குதிக்கவில்லை. 0.5 என்ற எண்ணுக்குள்ளேயே அது இருந்தது.

1962ஆம் ஆண்டின் கையேட்டுக்கு நான் கொஞ்சம் மரியாதை வைத்திருக்கிறேன். 30க்கு 1 சாய்வு என்றால் ஏற்றம் 90 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, 40க்கு 1 என்றால் 160 மீட்டர் வரை போகலாம் என்று பட்டியல் கொடுக்கிறார்கள். எழுதிய குழுவில் யாரோ ஒருவர் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவராக இருந்திருக்க வேண்டும். ஆனால் தனித்தடம் எப்போது போடலாம் என்பதற்கு அவர்கள் வைத்த நிபந்தனையைப் பாருங்கள். மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் போகும் சாலையில், நெரிசல் நேரத்தில் 400 சைக்கிள்களாவது போக வேண்டும். மோட்டார் 200ஐத் தாண்டினால் 100 சைக்கிள் போதும். அதாவது சைக்கிள்காரர்கள் முதலில் லாரிக்கு நடுவே வந்து தலையைக் காட்டினால்தான் தடம் கிடைக்கும். வராத ஆளை எண்ண முடியுமா? லாரிக்குப் பயந்து வராதவள், தெருவுக்குப் பயந்து வராதவன், இருவரும் இந்தக் கணக்கில் பூஜ்யம்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 45 சதவீதக் குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. வீட்டில் இருக்கிற சைக்கிள் ஏன் சாலைக்கு வரவில்லை என்று கேட்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடம் கிடையாது.

இந்த இடத்தில் 1990களின் அமெரிக்க ஆய்வாளர்களைக் குறிப்பிட்டாக வேண்டும். 1965இல் அவர்களுடைய நெடுஞ்சாலைக் கையேடு சாலைகளுக்கு பள்ளிக்கூட மார்க் மாதிரி ஏ முதல் எஃப் வரை தரம் போட்டது. கார் தடையின்றி ஓடினால் ஏ. அந்தத் தரத்தைச் சைக்கிளுக்கும் போடுவோம் என்று கிளம்பியபோது அவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. காருக்கு நெரிசல்தான் பிரச்சினை, சைக்கிளுக்கு அது இல்லையே! காலியான சாலையில் படுவேகமாகப் போகும் நாலு லாரி போதும். எனவே பயத்தை அளக்க வேண்டியதாயிற்று. புரூஸ் லாண்டிஸும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் ஏறத்தாழ 150 பேரை நிஜச் சாலையில் ஓட்டவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். அடுத்த வருஷம் வந்த இன்னொரு ஆய்வு, மூன்று நகரங்களில் 200 பேருக்கு மேல் உட்காரவைத்துச் சாலைகளின் வீடியோவைக் காட்டி, இதில் ஓட்டுவீர்களா என்று கேட்டது. 2012இல் மெகுரியா, ஃபர்த், நிக்ஸன் மூவரும் 'போக்குவரத்து அழுத்தம்' என்று நாலு படி வகுத்தார்கள். குழந்தை ஓட்டக்கூடிய சாலை முதல் படி, பயமே அறியாதவர்களுக்கு மட்டும் உரியது நாலாம் படி. கூடவே ஒரு விதி: பாதையின் மதிப்பு அதன் சராசரியாகாது. வழியில் ஆக மோசமான துண்டு எதுவோ அதுதான் முழுப் பாதைக்கும் மதிப்பு. பத்து மைல் பூங்காவும் நடுவே ஒரு கொலைகாரச் சந்திப்பும் என்றால் அந்தப் பாதை கொலைகாரப் பாதைதான்.

இது லேசான விஷயமில்லை. ஏற்றது, ஏற்காதது என்பது தாரில் இல்லை, தாருக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு உறவு என்று அளவைக்காரர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய பயத்துக்கு ஒரே முகம்தான்: மோட்டார் வண்டி. நம்முடைய பயத்துக்கு எத்தனை முகம்?

சில வருஷங்களுக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் மூன்று பேரோடு மாவட்டச் சாலை ஒன்றில் பதினொரு கிலோமீட்டர் நானும் மிதித்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்று படிவம் நிரப்பினார்கள்: அகலம், ஓர மண்ணின் நிலை, குழி, பத்து நிமிஷத்தில் போகும் வண்டிகள், அவற்றின் வேகம். ஓர் இடத்தில் புதுத் தார், இரண்டு பக்கமும் புளியமரம், வண்டியே இல்லை. அந்தத் துண்டுக்குத்தான் முழுப் பாதையிலும் அதிக மதிப்பெண். தாண்டிப் போய் டீ குடிக்கும்போது, பக்கத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் ஒரு பையன் பேச்சுக் கொடுத்தான்.

"நல்ல ரோடுதான் தம்பி, யாரு இல்லேன்னா. ஆலமரம் வரைக்கும் மிதிப்போம். அங்கேருந்து பிள்ளையார் கோயில் தாண்டற வரைக்கும் எறங்கி உருட்டிக்கிட்டுப் போவோம். அப்பறம் ஏறிக்குவோம்."

"ஏன் ஐயா, அங்க ரோடு மோசமா?"

"ரோடு என்னப்பா பண்ணும்?" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எங்க பசங்க மோட்டார்சைக்கிள்ல சர்ருனு போயிடறானுங்க. அதுலதான் போன மாசம் தகராறு" என்று சேர்த்துக்கொண்டார்.

அதிக மதிப்பெண் வாங்கிய துண்டும் அவர் இறங்கி உருட்டும் துண்டும் ஒன்றேதான்.

செங்குத்தான இறக்கத்தில் சைக்கிள்காரனை இறங்கச் சொன்ன அந்த இங்கிலீஷ் பலகைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மலை ஆள் பார்த்து இறக்காது. தெரு ஆள் பார்க்கும். பலகையும் இருக்காது. யார் இறங்க வேண்டும் என்பது நடப்பட்டிருக்கிற இடம் இறங்குகிறவனின் உடம்பு. தோள் துண்டு இடுப்புக்குப் போவதும் செருப்பு கைக்குப் போவதும் சைக்கிள் சீட்டிலிருந்து ஆள் தரைக்கு வருவதும் ஒரே இலக்கணத்தின் வெவ்வேறு விதிகள். 2015இன் சட்டப் பிரிவு சைக்கிளையும் செருப்பையும் புதுத்துணியையும் கல்யாண ஊர்வலக் குதிரையையும் ஒரே மூச்சில் சொல்வதைப் பார்த்தால் சட்டம் எழுதியவர்களுக்கு இந்த இலக்கணம் புரிந்திருக்கிறது. உயரம்தான் பிரச்சினை. சைக்கிளில் உட்கார்ந்தவன் திண்ணையில் உட்கார்ந்தவனைவிட ஒரு முழம் மேலே இருக்கிறான்.

1989இன் மூலச் சட்டத்தில் இந்தத் தெளிவு இல்லை. பொது இடத்துக்குப் போகும் 'வழக்கமான பாதை உரிமையை' மறுப்பது குற்றம் என்று அதில் ஒரு பிரிவு. வழக்கமே இறங்கு என்று சொல்கிற ஊரில் வழக்கமான உரிமையை எங்கே போய்த் தேடுவது? அந்தப் பிரிவின் பின்பாதி மற்றவர்கள் போகக்கூடிய எந்தப் பொது இடத்துக்கும் பொருந்தும்தான். ஆனாலும் போவது ஒன்று, ஓட்டிக்கொண்டு போவது வேறொன்று. உருட்டிக்கொண்டு போகிறவனை யாரும் மறிக்கவில்லையே என்று வாதாடலாம். கால் நூற்றாண்டுக்கு அப்புறம்தான் சட்டம் வினைச்சொல்லைச் சரியாகப் பிடித்தது: ஏறுவது, ஓட்டுவது.

அய்யன்காளி இதை 1893லேயே பிடித்துவிட்டார் என்பது இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. திருவிதாங்கூரில் புலையர் நடக்கக் கூடாத பொதுச் சாலையில் அவர் நடந்து போகவில்லை. வில்வண்டி வாங்கி, காளை பூட்டி, அதில் உட்கார்ந்து போனார். நடை கோரிக்கையாக முடிந்துபோகலாம், வாகனம் அறிவிப்பு. வைக்கத்தில் 1924இல் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்காகப் போராடி, 1925 முடிவில் மூன்று பக்கம் திறந்தது, கிழக்குப் பக்கம் மூடியே கிடந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரில் 2008 மே மாதம் வழி திறக்கப்பட்டது. இவற்றைத் தீண்டாமை ஒழிப்பு வரலாறு என்ற தலைப்பில் படிக்கிறோம். சாலைகளின் வரலாறு என்ற தலைப்பிலும் படித்தால் என்ன? ஜெயகர் கமிட்டி அறிக்கை எவ்வளவு சாலை ஆவணமோ, வைக்கத்தின் சமரசமும் அவ்வளவு சாலை ஆவணம்.

புதுக்கோட்டையைப் பற்றிப் பேசாமல் போனால் தோழர்கள் விடமாட்டார்கள். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் சைக்கிள் கற்பதையும் எழுத்தறிவோடு சேர்த்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணி அடித்துக்கொண்டு நகரத்துக்குள் ஓட்டி வந்தார்கள். கற்றவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண் சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அரசாங்கம் நடத்திய இயக்கம்தானே என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏனென்றால் நம்முடைய விஷயத்துக்கு அது ஒரு பெரிய நிரூபணம். நேற்றுவரை பெண் ஓட்டத் தகாத சாலை மறுநாள் தகுந்த சாலை ஆகிவிட்டது. தாரும் சரளையும் அதேதான். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஏறியதுதான் நடந்தது. 2003இல் ஜேக்கப்சன் என்பவர் பல நாட்டுப் புள்ளிவிவரங்களை வைத்து, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் அதிகமாக ஆக ஒவ்வொருவருக்குமான விபத்து அபாயம் குறைகிறது என்று காட்டினார். எண்ணிக்கையே பாதுகாப்பு. கேலியிலிருந்தும் அப்படித்தான் தப்பித்தார்கள்.

சாதிக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்துமா? அங்கேதான் எனக்குத் தயக்கம். சேரியிலிருந்து ஐந்நூறு பேர் சைக்கிளில் ஊர்த்தெருவுக்குள் வந்தால் அதற்குப் பெயர் பேரணி இல்லை, கலவரம்; பெயர் வைக்கிற அதிகாரம் திண்ணையில் இருக்கிறது. எண்ணிக்கை இங்கே பாதுகாப்பாகவும் இருக்கலாம், தீ வைப்பதற்குச் சாக்காகவும் ஆகலாம். மணியடித்து வந்த பெண்கள் அவரவர் ஊருக்குத் திரும்பியபோது, சேரிக்குப் போகிறவள் எந்த முனையில் இறங்கினாள் என்ற கேள்வியைப் 'பெண்' என்கிற ஒற்றைச் சொல் விழுங்கிவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் விலையில்லாச் சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்றுதான் ஆரம்பித்தது. பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவிகள் சைக்கிள் திட்டத்தை முரளிதரனும் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளி இருக்கும் கிராமங்களில்தான் பலன் அதிகம் என்று கண்டார்கள். நல்ல ஆய்வு. ஆனால் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் சொன்னால் கணக்கு முடியாது. அந்த மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை ஆலமரம், எத்தனை பிள்ளையார் கோயில்?

அந்த மாணவர்கள் அப்புறம் தங்கள் படிவத்தில் ஒரு பத்தி சேர்த்தார்கள்: 'இந்தத் துண்டில் யாராவது இறங்கி உருட்டுகிறார்களா? யார்? எங்கிருந்து எதுவரை?' இதற்கு எண் மதிப்பு எப்படிக் கொடுப்பீர்கள் என்று அவர்களுடைய ஆசிரியர் கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை 2012இன் அந்த அமெரிக்க முறையிலேயே இருக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன். ஆக மோசமான துண்டு எதுவோ அதுவே முழுப் பாதைக்கும் மதிப்பெண். ஆலமரத்திலிருந்து பிள்ளையார் கோயில் வரை இருநூறு மீட்டர் இருக்கும். பதினொரு கிலோமீட்டருக்கும் அதைப் போடுங்கள்.